விளாம்பழம் பார்த்த கரடி

ஒரு காட்டில் நடந்த இந்தக் கதையின் கடைசியில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது, பிள்ளைகளே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற மாதிரியான சிரிப்பு. ஆனால் அதை இப்போதே தர முடியாது. விளாம்பழம் மாதிரி அது கொஞ்சம் பழுக்க வேண்டும். பின்வரிசையில் யாரோ இப்போதே சிரிக்கிறீர்கள். வேண்டாம், காயாகவே கடித்தால் பல்லுக்குத்தான் நஷ்டம்.

அந்தக் காட்டில் கொக்காணி என்று ஒரு குரங்கு இருந்தது. யார் பேசினாலும் அடுத்த நொடியே அதே குரலில் பேசிக் காட்டும். மயில் அகவினால் அகவும். காட்டுப்பன்றி தும்மினால் அந்தத் தும்மலை மூக்கு ஒழுகுவது உட்பட அப்படியே தும்மும். காட்டிலேயே மகா கெட்டிக்காரன் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். அதுவேதான்.

கெட்டிக்காரனுக்கு ஒரே ஒரு சிக்கல். எதையும் இரண்டு மூச்சுக்கு மேல் பார்க்காது. பூத்த மரமா? "பார்த்தாச்சு!" சூரிய உதயமா? "பார்த்தாச்சு!" ஒருமுறை மலைப்பாம்பைக் கிளை என்று பிடித்துத் தொங்கியது. அப்போது மட்டும் மூன்றாவது மூச்சு வரைக்கும் பார்த்தது.

அதே காட்டில் சடையன் என்று ஒரு கரடியும் இருந்தது. ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதைச் சொன்னபடி, முடிகிற வரைக்கும் செய்யும். "அண்ணே, இங்கேயே நில்லுங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன கொக்காணி, ஒருமுறை அதை மறந்தே போனது. மூன்று நாள் கழித்துத் தற்செயலாக அந்த வழியே வந்தால், சடையன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வந்துட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டது.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. ஓடையில் தண்ணீர் போய் மணல் தெரிந்தது. மரங்களில் ஒரே ஒரு விளாமரம்தான் காய்த்திருந்தது. குரங்கும் கரடியும் கூட்டுச் சேர்ந்தன. கொக்காணி மேலே ஏறி உலுக்கியது. சடையன் கீழே பொறுக்கிப் பொறுக்கிச் சுமந்து ஒரு பாறைக் குகையில் கொட்டியது. குகை நிறைந்தது. ஆனால் எல்லாம் காய், கல் மாதிரி. பழுத்த பிறகு ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

இந்தச் சமயத்தில்தான் கொக்காணி மலைக்கு அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போனது.

பெண்ணின் பெயர் கொன்றை. பெண்ணின் அப்பா முறுக்குவாலர், ஒரு பெரிய குரங்குக் கூட்டத்துக்கே தலைவர். 'அது, இது' என்று சொன்னால் கோபம் வரும். ஆகையால் நாமும் 'அவர்' என்றே சொல்லிவிடுவோம்.

கொக்காணி பெண்ணை இரண்டு மூச்சு பார்த்தது. "பார்த்தாச்சு! பிடிச்சிருக்கு!" என்றது.

"நீ பார்த்துட்டே, சரி. நாங்க பார்க்க வேண்டாமா?" என்றார் முறுக்குவாலர். "எட்டாம் நாள் வீடு பார்க்க வர்றோம். இந்தக் கோடையில எம்பொண்ணுக்கு என்ன போடுவே?"

"ஒரு குகை நிறைய விளாம்பழம் இருக்கு மாமா! அத்தனையும் எனக்கே எனக்கு. வர்றப்போ சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வயிறு முட்டத் தின்னலாம்!"

"சொன்னபடி இருந்தா கல்யாணம். இல்லேன்னா வந்த வழியே திரும்பிடுவோம்" என்றார் அவர்.

அத்தனையும் எனக்கே எனக்கு! சொல்லும்போது இனித்தது. திரும்பி வரும் வழியில்தான், பாதி கரடிக்கு என்பது ஞாபகம் வந்தது. எட்டு நாளில் காய் பழுக்கும். பழுத்தால் அண்ணன் பங்கு கேட்பார். பங்கு கொடுத்தால் குவியல் பாதியாகும். மாமனார் வந்த வழியே போவார்.

'தின்னாதே என்று சொல்லிவிடலாமா? சேச்சே, அது முட்டாள்கள் சொல்வது' என்று கொக்காணி நினைத்தது. 'தின்னாதே என்றால் ஏன் என்று கேட்கும். நாம் அந்த வார்த்தையையே வாயில் எடுக்கக் கூடாது. அதுதான் கெட்டிக்காரத்தனம்.'

எப்பேர்ப்பட்ட யோசனை! வேண்டுமானால் ஒருமுறை கை தட்டிக்கொள்ளுங்கள். சிரிப்பு இன்னும் வரவில்லை.

குகை வாசலில் சடையன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி மூக்காலும் பாதி தொண்டையாலும் பேசுகிற குரல்.

"ஆகவே... சடையா!"

கரடி திரும்பிப் பார்த்தது. "யாரு, குளத்துக் கொக்கா? குளம் வத்தினதுமே பறந்து போயிட்டாரே?"

"நான்தான் அண்ணே" என்று கொக்காணி குதித்து வந்தது. "ஒத்தைக் காலில் நின்னு நின்னு அவர் கண்டுபிடிச்ச ரகசியத்தை எனக்கு உபதேசம் பண்ணிட்டுத்தான் போனார். அதைச் சொல்ல வாயைத் திறந்தாலே அவர் குரல் தானா வந்துடுது. உங்களுக்குச் சொல்லலாமான்னுதான் யோசிக்கிறேன். வேண்டாம், உங்களால முடியாது."

"சொல்லு தம்பி, முடியுதான்னு பார்க்கிறேன்."

"பார்க்கிறதுதான் அண்ணே விஷயமே! இதுக்குப் பேரு பார்வை விரதம்." குரல் மறுபடியும் மூக்குக்குப் போனது. "ஆகவே... ஒரு விளாம்பழத்தை எடுத்து முன்னால வச்சுக்கணும். பார்க்கணும்."

"அப்புறம்?"

"பார்க்கணும்."

"பார்த்துட்டு?"

"திரும்பப் பார்க்கணும்."

"அதுவரைக்கும் பழம் என்ன செய்யும்?"

"பழம் சும்மா இருக்கும் அண்ணே. அதுக்கு வேற என்ன வேலை? எட்டு நாள். பார்க்கிறதைத் தவிர வேற ஒண்ணும் செய்யக் கூடாது. முடிச்சீங்கன்னா, ஓட்டை உடைக்காமலே உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"நிஜமாவா?"

"கொக்கு பொய் சொல்லுமா?"

கொக்கு சொல்லவே இல்லையே, எப்படிப் பொய்யாகும்? கொக்காணி அதை அந்த நிமிஷம்தான் வாயிலிருந்து உருட்டி எடுத்தது.

சடையன் நீளமான நகத்தால் தாடையைச் சொறிந்தது. "பசிச்சா?"

'தின்' என்று கொக்காணியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளை, கெட்டிக்காரன் அல்லவா, விழுங்கிவிட்டது.

"பசிச்சா... பாருங்க அண்ணே! இன்னும் நல்லாப் பாருங்க!"

"பசிச்சா பார்க்கணும்" என்று சடையன் மனப்பாடம் செய்துகொண்டது. "சரி தம்பி. பார்க்கிறதைத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டேன். இது சத்தியம்."

கொக்காணி மரத்துக்கு ஓடிப் போய் வாலால் கிளையைக் கட்டிக்கொண்டு சிரித்தது, மூச்சு வாங்கச் சிரித்தது. அது அதனுடைய சிரிப்பு. நம்முடையது வேறு. பொறுங்கள்.

மறுநாள் வந்து எட்டிப் பார்த்தது. குகைக்குள் குவியல் அப்படியே இருந்தது. வாசலில் சடையன், எதிரில் ஒரு விளாங்காய்.

"என்ன பார்த்தீங்க அண்ணே?"

"உருண்டையா இருக்கு தம்பி."

"அடேயப்பா! ஒரே நாளில் கண்டுபிடிச்சுட்டீங்களே!"

இரண்டாம் நாள் சடையன் நிதானமாகச் சொன்னது: "நேத்து சொன்னது தப்பு தம்பி. முழு உருண்டை இல்லை. காம்பு இருந்த பக்கம் லேசா அமுங்கி, தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கு. ஓடு வெள்ளைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சேன். அது வெள்ளையே இல்லை. பச்சை மேல மாவு பூசின மாதிரி இருக்கு. மாவு உதிர்ந்த இடத்துல..."

கொக்காணி கொட்டாவி விட்டது. அதோடு ஒரு பயமும் வந்தது. இந்த வேகத்தில் போனால் அண்ணன் நாளைக்கே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவாரே! எட்டு நாள் இழுக்க வேண்டுமே!

"கண்ணால பார்த்தா போதுமா அண்ணே? தொட்டுப் பாருங்க!"

சடையன் நிமிர்ந்தது. "தொட்டும் பார்க்கலாமா? பார்க்கிறதைத் தவிர வேற செய்யக் கூடாதுன்னியே?"

"ஆகவே... தொட்டுப் பார்க்கிறதும் பார்க்கிறதுதானே?" என்றது கொக்காணி, அதே கொக்குக் குரலில்.

இந்த வாக்கியத்தைப் பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. கொக்காணி வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சடையன் சொன்னது: "ஓணான் முதுகு மாதிரி சொரசொரப்பா இருக்கு தம்பி. வெயில் பட்ட பக்கம் சூடு. அடிப்பக்கம் குளிர்ச்சி. திருப்பி வச்சா, சூடு அந்தப் பக்கம் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா?"

"வேண்டாம், சொல்லிடாதீங்க அண்ணே, தூக்கம் போயிடும். மோந்து பாருங்க!"

நான்காம் நாள்: "காலையில பச்சைத் தழை வாசம் தம்பி. மத்தியானம் புளிப்பு. சாயங்காலம் அந்தக் காம்புக் குழியில மட்டும், வெல்லம் காய்ச்சற மாதிரி ஒரு வாசம் ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போச்சு. திரும்ப வருதான்னு மூக்கை வச்சுக் காத்துட்டு இருக்கேன். ஒரு சந்தேகம். இது பழுத்ததா, காயான்னு எப்படித் தெரியும்? பக்கத்துல வேற ஒண்ணை வச்சுப் பார்க்கலாமா?"

மலைக்கு அந்தப் பக்கம் கொன்றை பூப்பறிக்க வருகிற நேரம். கொக்காணிக்குப் போக வேண்டிய அவசரம்.

"வச்சுப் பாருங்க! தட்டிப் பாருங்க, ஆட்டிப் பாருங்க, கீழே போட்டுப் பாருங்க, காதுல வச்சுக் கேட்டுப் பாருங்க! குகையில இருக்கிற அத்தனையையும் பாருங்க, யார் வேண்டாம்னா?"

"அத்தனையையுமா?"

"அத்தனையையும்!" என்று கத்திக்கொண்டே கொக்காணி போய்விட்டது.

ஐந்தாம் நாள் குகைக்கு மேலே இருந்த மரத்தில் மைனாக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. கேட்க ஆள் இருக்கும்போது கொக்காணிக்கு வாய் சும்மா இருக்குமா? கிளையில் நின்று நடித்துக் காட்டியது.

"கரடி எப்படிச் சொல்லுது தெரியுமா? 'உருண்டையா இருக்கு தம்ம்ம்பி.' நான் சொல்றேன், 'ஆகவே சடையா, நல்லாப் பார்.' அது சொல்லுது, 'பசிச்சா பார்க்கணும் தம்ம்ம்பி!'"

மைனாக்கள் இறக்கையை அடித்துக்கொண்டு சிரித்தன.

"எட்டாம் நாள் என் மாமனார் வந்து மொத்தப் பழத்தையும் தின்னுட்டுப் போவார். அண்ணன் வெறும் ஓட்டை வச்சுப் பார்த்துட்டே இருப்பார். கொக்காவது, உபதேசமாவது!"

இப்படிச் சொல்லிக்கொண்டே கீழே பார்த்தது. நேர் கீழே சடையன், ஒரு விளாம்பழத்தைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கொக்காணிக்கு ஒரு நொடி திக்கென்றது. பிறகு வழக்கம்போலக் குதித்து இறங்கியது.

"என்ன அண்ணே, கேட்டுப் பார்க்கிறீங்களா?"

"கேட்டுப் பார்த்தேன் தம்பி."

"என்ன கேட்டுது?"

"எல்லாம் கேட்டுது."

"எல்லாம் கேட்டுதாம்!" கொக்காணி மேலே திரும்பி மைனாக்களுக்குக் கண்ணடித்தது. "பழம் பேசிச்சாம்!"

சடையன் கோபப்படவில்லை. "காயைக் கீழே போட்டா துள்ளுது தம்பி. பழத்தைப் போட்டா தொப்புனு விழுந்து அப்படியே உட்கார்ந்துக்குது. பழத்தை ஆட்டினா, சதை ஓட்டை விட்டு விலகி உள்ளே லொடக் லொடக்னு இடிக்குது. இப்போ எனக்கு ஓட்டை உடைக்காமலே தெரியுது. நீ சொன்னபடியே நடந்துடுச்சு. நீயும் ஒண்ணைக் கையில எடுத்துப் பாரேன்."

ஒன்றே ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் வால் சீவ நேரமாகிவிட்டதே!

"பார்த்தாச்சு அண்ணே, பார்த்தாச்சு!"

ஆறாம் நாள் குகைக்கு உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. கரடி கரையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம்.

"என்ன அண்ணே சத்தம்?"

"பார்த்துட்டிருக்கேன் தம்பி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"பாருங்க, பாருங்க!" கொக்காணி வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டியது. குவியல் இருக்கிறதா? இருக்கிறது. உயரம் குறைந்திருக்கிறதா? குறையவில்லை. அப்புறம் என்ன?

ஏழாம் நாள் சடையனின் முகம் பளபளவென்றிருந்தது. மோவாயில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வயிறு முன்னால் வந்திருந்தது. குகைக்குள்ளிருந்து ஓர் எறும்பு வரிசை, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

கொக்காணி எறும்பு வரிசையைத் தாண்டிக் குதித்தது. "விரதம் இருந்தா முகத்துல ஒரு களை வரும்பாங்க. நிஜம்தான் அண்ணே!" என்றது.

உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டதா, பிள்ளைகளே? சந்தோஷம். வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்குச் சொல்லிவிடாதீர்கள்.

எட்டாம் நாள் காலை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து முறுக்குவாலர் வந்தார். கூடவே கொன்றை, அத்தைகள், சித்தப்பாக்கள், அழைக்காத மூன்று பேர். கொக்காணி வாலைச் சீவி, காதில் ஒரு பூ செருகி, குகை வாசலில் நின்றது. அதன் கல்யாணம் அந்தக் குகைக்குள் குவிந்து கிடந்தது.

"வாங்க மாமா, வாங்க! இதோ பாருங்க!"

முறுக்குவாலர் பார்த்தார். "குவியல் பெரிசுதான்" என்று தலையாட்டினார். உச்சியிலிருந்த பெரிய பழத்தை எடுத்துப் பாறையில் ஓர் அடி அடித்தார். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே காற்று இருந்தது.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும் மாமா. வேற எடுங்க."

வேறு எடுத்தார். காற்று. அத்தை ஒன்று உடைத்தது. காற்று. அழைக்காத மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு உடைத்தார்கள். அழையாமல் வந்தவர்களுக்கும் அதே காற்றுதான், குறை வைக்கவில்லை.

கொன்றை ஒரு பழத்தைக் கையில் எடுத்தது. உடைக்கவில்லை. எடை பார்த்தது. மெதுவாகத் திருப்பியது. குழிப்பக்கம் தரையைப் பார்த்தபடி அடுக்கியிருந்த பழங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியது.

"அப்பா, எல்லாத்திலயும் காம்புக் குழியில நகம் போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு."

முறுக்குவாலரின் முறுக்கிய வால் நேராகிவிட்டது. அடியில் கிடந்த ஒன்றை எடுத்தார். கனமாக இருந்தது. ஆவலோடு பாறையில் போட்டார். அது 'டிங்'கென்று துள்ளி வந்து கொக்காணியின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

"அது இன்னும் காய்" என்றது குகை மூலையில் உட்கார்ந்திருந்த சடையன். "பார்க்கிற பதத்துக்கு வரலை."

"மாமா, ஒரு நிமிஷம், கொஞ்சம் பொறுமையா..."

"பார்த்தாச்சு" என்றார் முறுக்குவாலர்.

அவ்வளவுதான். வந்த வழியே திரும்பினார்கள். கொன்றை மட்டும் வாசலில் நின்று கொக்காணியைப் பார்த்தது. இரண்டு மூச்சுதான். அதற்கு மேல் பார்க்க அங்கே எதுவும் இல்லை என்று நினைத்ததோ என்னவோ, அதுவும் போய்விட்டது.

கொக்காணி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கரடியிடம் வந்தது. அந்த நிமிஷம் அசல் குளத்துக் கொக்கு மாதிரியே இருந்தது.

"அண்ணே! பார்க்கிறதைத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"வேற ஒண்ணும் செய்யலையே தம்பி" என்றது சடையன், நிதானமாக. "முதல்ல சும்மா பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன். போட்டுப் பார்த்தேன். கேட்டுப் பார்த்தேன்..."

"அதெல்லாம் சரி! பழம் எங்கே? குகை நிறைய இருந்த பழம் எங்கே?"

"பசிச்சா பார்க்கணும்னு சொன்னியே. பசிச்சுது. நகத்தால குத்திப் பார்த்தேன். உறிஞ்சிப் பார்த்தேன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை தம்பி, அதனால அத்தனையையும் தின்னு..."

"தின்னு...?"

சடையன் ஒரு நகத்தை மேலே உயர்த்தியது. அதன் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி மூக்காலும் பாதி தொண்டையாலும் பேசுகிற குரல். குளத்துக் கொக்கின் குரல் அல்ல. குளத்துக் கொக்கு மாதிரி பேசுகிற கொக்காணியின் குரல், ஓர் இழை பிசகாமல்.

"ஆகவே, தம்ம்ம்பி... தின்னு பார்க்கிறதும் பார்க்கிறதுதானே?"



கொக்காணி கரடியின் மோவாயில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று, நான்கு... வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொருளை அத்தனை நேரம் பார்த்தது. பிறகு மெதுவாகக் கண்ணைத் தூக்கி, ஐந்தாம் நாள் தான் நின்று நடித்த கிளையைப் பார்த்தது. அதற்கு நேர் கீழே சடையன் பழத்தைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தது.

"அண்ணே... 'எல்லாம் கேட்டுது'ன்னு சொன்னீங்களே..."

"ஆமா தம்பி."

"எல்லாம்னா..."

சடையன் ஒரு வெற்று ஓட்டை எடுத்து, துளைப் பக்கம் கீழே இருக்குமாறு கொக்காணியின் முன்னால் பத்திரமாக வைத்தது.

கொக்காணிக்குப் புரிந்துவிட்டது.

இப்போது சிரிக்கலாம், பிள்ளைகளே.

நீதி: ஏமாற்றுவதற்காகச் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் பொறுமையாகப் படிப்பவன் கற்றுக்கொள்வான், படிக்காதவன், சொல்லிக்கொடுத்தவனாகவே இருந்தாலும், ஏமாறுவான்.